ஆறு பத்துக்கு ஒரு கப்பல்

முன்பொரு சமயம் தூத்துக்குடியில் ஒரு வீட்டுக் கணினிக்குள் ஓர் உலாவி குடியிருந்தது. இணையத்தில் எந்த மூலையில் எது கிடந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிப்போய் எடுத்துவந்து திரையில் விரித்துவிடும். அப்படிப்பட்ட சூரனுக்கு அந்த வீட்டில் வாய்த்த வேலை ஒன்றே ஒன்றுதான். தினமும் ஒரு கப்பலைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

கப்பலின் பெயர் சாகரதாரா. அதன் இயந்திர அறையில் வேலை பார்த்தான் இசக்கிராஜா, அந்த வீட்டின் ஒரே பிள்ளை. நடுக்கடலில் அவன் போன் எடுக்காது. கப்பல் நிறுவனம் மாலுமிகளின் குடும்பத்தாருக்கென்று தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தது. அதன் முகவரி எழுத்தும் எண்ணுமாக முழ நீளத்துக்கு இருக்கும். கப்பலேறுவதற்கு முந்தின நாள் இசக்கி தன் பழைய கணினியில் எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றி, அந்த முகவரியை உலாவியின் முகப்புப் பக்கமாக வைத்து, அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான்.

"நீ ஒண்ணும் டைப் பண்ண வேண்டாம்மா. இந்தப் படத்து மேல ரெண்டு தட்டு தட்டு. நான் எங்க கெடக்கேன்னு வந்துரும்."

அவ்வளவுதான் செண்பகவல்லி கற்ற கணினிப் பாடம். அடுத்த நாளிலிருந்து காலை ஆறு பத்துக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து உட்காருவாள். இரண்டு தட்டு தட்டுவாள். உலாவி புறப்படும்.

தெருக்கம்பத்தில் ஏறி, ஊரைக் கடந்து, கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைக்குள் நுழைந்து வெளிச்சமாகவே ஓடும். மேலே சுறாவும் திருக்கையும் நீந்திக்கொண்டிருக்கும். அக்கரையில் நிறுவனத்தின் கணினி காத்திருக்கும். அதற்குச் சேதி வானத்திலிருந்து வரும். சாகரதாரா தன் பெயரையும் தான் நிற்கும் இடத்தையும் விடாமல் வானத்தைப் பார்த்துக் கூவிக்கொண்டே போகும். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் ஒன்று அந்தக் கூவலைக் காதில் வாங்கிக் கீழே இறக்கும். உலாவி அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி, சமையலறைக்குப் பக்கத்து மேசையில் கொண்டுவந்து வைக்கும். நீலப் பரப்பில் அரிசிமணி அளவு ஒரு மஞ்சள் அம்பு. இதெல்லாம் செண்பகவல்லி ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும்.

அவள் அந்த அம்பை விரலால் ஒரு தடவை தடவுவாள். "சாப்ட்டியா ராசா?" என்பாள். பிறகு உலை வைக்கப் போய்விடுவாள்.

எத்தனை முறை போய்வந்தும் உலாவிக்கு மலைப்பு தீரவில்லை. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் ஒரு கப்பலின் குரல் தொலைந்துபோகாமல் ஒரு தாயின் விரலுக்கடியில் வந்து சேர்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் அதற்குச் சிலிர்க்கும். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. தட்டுகிற கை யாருடையது என்று உலாவி பார்ப்பதில்லை. தட்டு விழுந்தால் ஓடவேண்டும், அதுதான் அதற்குத் தெரியும்.

உலாவியின் முதுகுக்குப் பின்னால் வரலாறு என்று ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கும். உலாவி எங்கே போனது, எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு வரி விடாமல் எழுதிவைக்கும்.

"யாருக்காக இப்படி எழுதுகிறாய்? ஒரு நாளாவது யாராவது கேட்டார்களா?" என்று உலாவி ஒருமுறை சீண்டியது.

"கேட்டால் சொல்வேன்" என்றது வரலாறு. அடுத்த வரியை எழுதப் போய்விட்டது.

செண்பகவல்லியின் கணவர் சண்முகையா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி திரைமுன் உட்காரும்போதெல்லாம் அவருக்கு ஒரு கேலி உண்டு.

"அம்பைப் பாத்துக்கிட்டே இருந்தா கப்பல் சட்டுன்னு போயிருமாக்கும்?"

"உங்களுக்கென்ன, கல்லு மனசு" என்பாள் அவள்.

செண்பகவல்லிக்கு ஒரு வழக்கம். ராகுகாலத்தில் எதையும் தொடங்கமாட்டாள். கப்பலையும் பார்க்கமாட்டாள். ஒரு தடவை மறந்துபோய்ப் பார்த்தபோது அம்பு ஒரே இடத்தில் நின்றிருந்தது. ஏதோ துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. என்றாலும் அன்றைக்கு அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்குப் பிறகுதான், ராகுகாலம் தொடங்கும்போதும் முடியும்போதும் மணியடிக்கும் 'சுபவேளை' என்கிற இலவசப் பஞ்சாங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைக் கணினியில் ஏற்றிவிடத் துணிந்தாள்.

துணிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேலையெல்லாம் முடித்து உட்காரும்போது மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகுகாலம். பஞ்சாங்கத்தையே ராகுகாலத்தில் ஏற்றினால் விளங்குமா? சுபவேளை பக்கம் பக்கமாக ஏதேதோ கேட்டது. வாசிக்க நேரமில்லை. சரி, அடுத்து, சரி, ஒப்புக்கொள்கிறேன், சரி என்று தட்டிக்கொண்டே போனாள். பத்து இருபத்தெட்டுக்கு வேலை முடிந்தது. நிம்மதியாக எழுந்து போனாள்.

அவள் போன பிறகு, சுபவேளையின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று உள்ளே வந்தது. வாயெல்லாம் பல்.

"வணக்கம். என் பெயர் உதவிக்கரம். இனிமேல் உங்களுக்கு எல்லா ஒத்தாசையும் நான்தான்."

"உன்னை யார் உள்ளே விட்டது?" என்றது உலாவி.

"வீட்டம்மாதான். மூன்றாவது பக்கம், ஆறாவது வரி. கடுகு எழுத்தில் இருந்தது, அதனாலென்ன? சரி என்று சொல்லியிருக்கிறார்களே."

உலாவி சுபவேளையைப் பார்த்தது. சுபவேளை தலையைக் குனிந்துகொண்டு, "ஓசியில் வருவதென்றால் துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கிறது" என்றது.

அம்மா சரி என்றால் சரி. கணினிக்குள் அதற்கு மேல் சட்டம் கிடையாது. உதவிக்கரம் நேராக முகப்புக்குப் போய், இசக்கி வைத்திருந்த முழ நீள முகவரியைத் துடைத்துப்போட்டுவிட்டுத் தன் கடையைப் பரப்பியது. பிறகு வந்து உலாவியின் தோளில் கை போட்டது. அந்தக் கை லேசில் எடுபடவில்லை.

சனிக்கிழமை ஆறு பத்துக்கு இரண்டு தட்டு விழுந்தது. கடலைப் பார்த்து ஓட உலாவி கால் எடுத்தது. தோளில் இருந்த கை அதை வேறு பக்கம் திருப்பியது. திரையில் கப்பல் வரவில்லை. உடம்பு இளைக்கும் பொடியும், குலுக்கல் பரிசும், 'உங்கள் கணினியில் பதினேழு கிருமிகள்' என்ற சிவப்பு எச்சரிக்கையும் வந்தன.

செண்பகவல்லி மூடித் திறந்தாள். மறுபடியும் பொடி. நெட் சரியில்லை போலிருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையும் அதே கதைதான். அன்று சாயங்காலம் செய்தியில் அரபிக்கடல் படம் வந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு சுழி. கப்பல்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று வாசிப்பவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போனார். சாகரதாரா குஜராத்தின் காண்ட்லாவில் சரக்கு ஏற்றி, ஆப்பிரிக்காவின் மொம்பாசாவுக்கு அந்தக் கடலில்தான் போய்க்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் அலுவலகம் திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் திறக்கும். அந்தப் பத்து மணி வரும்வரை அம்மாக்காரி எப்படி இருப்பாள்? திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே கணினி முன் வந்துவிட்டாள். தட்டித் தட்டிப் பார்த்துச் சலித்து, ஏழேகாலுக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, 'சாகரதாரா கப்பல் எங்கே' என்று டைப் செய்தாள்.

"நான் போகிறேன். தயவுசெய்து கையை எடு. அவள் பிள்ளை புயலில் இருக்கிறான்" என்றது உலாவி.

"நானும் உதவத்தானே போகிறேன்" என்றது உதவிக்கரம்.

திரையில் பெரிய கப்பல் படம் வந்தது. 'சாகரதாரா கண்டுபிடிக்கப்பட்டது! நிலையை அறிய உங்கள் வங்கி அட்டை எண்ணைத் தரவும். கட்டணம் இல்லை.'

"என்னங்க, கண்டுபிடிச்சிட்டாவளாம். ஒங்க பென்சன் அட்டைய எடுத்தாங்க" என்று செண்பகவல்லி கூப்பிட்டாள்.

எதற்கெடுத்தாலும் நூறு கேள்வி கேட்கிற சண்முகையா அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அட்டையை எடுத்துவந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். அவள் அழுத்தினாள். பதினாறும் முடிந்தது. பின்பக்கத்து மூன்று எண்ணும் முடிந்தது. கீழே 'அனுப்பு' என்று ஒரு பச்சைப் பொத்தான் துடித்துக்கொண்டிருந்தது.

உலாவி தவித்துப்போனது. மனிதர்களிடம் பேச அதற்கு வாய் இல்லை. மேலே முகவரிப் பட்டையின் ஓரத்தில் சின்னச் சாம்பல் எழுத்தில் எழுதிக் காட்டலாம், அவ்வளவுதான். 'பாதுகாப்பானது அல்ல' என்று எழுதியது. அந்த இடத்தை யாரும் வாசிப்பதில்லை என்று அதற்கே தெரியும். தெரிந்தும் எழுதியது.

செண்பகவல்லியின் விரல் பொத்தானுக்குப் போனது. அப்போது கணினி கணகணவென்று மணியடித்தது. 'ராகுகாலம் ஆரம்பம்.' மணி ஏழரை.

விரல் சூடுபட்டதுபோல் பின்னால் வந்துவிட்டது.

"ஏய், இப்போதா அடிப்பாய்?" என்று உதவிக்கரம் சுபவேளையின் மேல் பாய்ந்தது. முதல் தடவையாக அதன் வாயில் பல் தெரியவில்லை.

"ஏழரைக்கு அடிக்கவேண்டும், அடித்தேன். உன்னைக் கூட்டிவந்தது என் தப்பு. அதற்காக என் வேலையையும் தப்பாகச் செய்யவேண்டுமா?" என்றது சுபவேளை.

"என்னட்டி, அமுக்கு" என்றார் சண்முகையா.

"ராகுகாலம்லா. ஒம்பது மணி வரைக்கும் தொடப்பிடாது."

"பிள்ளை அங்க என்ன பாடு படுதானோ. இப்பம் போயி ராகுகாலம் கேக்குதா ஒனக்கு?"

"அவனுக்காண்டிதான் சொல்லுதேன். எல்லாம் அவனுக்காண்டிதான்."

அவர் பேச்சை விட்டுவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செண்பகவல்லி எழுந்து போகவும் இல்லை. எப்படிப் போவாள்? கையை மடியில் கட்டிக்கொண்டு திரைமுன் அப்படியே இருந்தாள். தொடக்கூடாது, போகவும் மனம் வராது. கண் மட்டும் சும்மா இருந்தது. அந்தக் கண், வேறு வேலை இல்லாததால், திரையில் இருந்ததை வாசிக்க ஆரம்பித்தது.

முதலில் பெரிய எழுத்துகளை வாசித்தாள். அது தீர்ந்ததும் அடுத்ததை வாசித்தாள். அதுவும் தீர்ந்ததும் இன்னும் சிறியதை. உலாவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருவர் இப்படி வாசித்து அது கண்டதில்லை. அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக்கொண்டே கண் மேலே ஏறியது. மேல் ஓரத்துக்கு வந்து நின்றது.

"என்னங்க. இங்கன பாருங்க. 'பாதுகாப்பானது அல்ல'ன்னு போட்டிருக்கு."

"எங்கட்டி?"

"இன்னா, மேல. எறும்பு மாதிரி."

சண்முகையா முக்காலியோடு நகர்ந்துவந்தார். "இது எப்பம் வந்துச்சு?"

"முந்தியே இருந்திருக்கும். நம்ம யாரு பாத்தோம்?"

உலாவிக்கு உடம்பெல்லாம் அதிர்ந்தது. கடலடியில் வெளிச்சமாக ஓடியபோதுகூட அதற்கு அப்படி இருந்ததில்லை. தான் எழுதிய ஒரு வரியை ஒரு மனுஷி வாசித்துவிட்டாள்.

செண்பகவல்லி சுட்டெலியை மெல்லப் பிடித்தாள். "அமுக்க மாட்டேன். சும்மா மேல கொண்டுபோயி வச்சி மட்டும் பாக்கேன்" என்று யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் சொன்னாள். பட்டையின் ஓரத்தில் இதுவரை கண்டிராத ஒரு கை படம் இருந்தது. அதன் மேல் சுட்டெலியின் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள். உலாவி ஓடிவந்து ஒரு சின்னப் பெட்டியை விரித்தது.

அவள் உரக்க வாசித்தாள். "உதவிக்கரம். நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி உண்டு. முகப்புப் பக்கம் இதன் கட்டுப்பாட்டில் உள்ளது."

"அனுமதியா? எவன் குடுத்தான்?" என்றார் சண்முகையா.

வெள்ளிக்கிழமையின் பத்து இருபது அவள் கண்முன் வந்தது.

"நாந்தான். ராகுகாலத்துக்கு முந்தி முடிக்கணும்னு பதறிப் பதறி சரி சரின்னு தட்டுனேன். எதுக்குச் சரி சொல்லுதேன்னு ஒரு எழுத்து பாக்கல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "நானுந்தான் ஒரு வார்த்தை கேக்காம நம்பரை வாசிச்சேன்" என்றார்.

அவள் திரையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக அழித்தாள். மூன்றும் போயின. பதினாறும் போயின. சண்முகையா கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே கால்.

"ராகுகாலம்னியே?"

"அழிக்கது ஆரம்பிக்கது இல்லல்லா" என்றாள் செண்பகவல்லி. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமா. தொடங்கத்தான கூடாது. முடிச்சு விடுததுக்கு என்ன?"

கை படத்தை அழுத்தினாள். உடனே உதவிக்கரம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

'எங்களைப் பிரிய மனம் வந்ததா? அருமையான சலுகைகளை இழந்துவிடுவீர்கள்!' கீழே பெரிய பச்சைப் பொத்தானில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, பொத்தான்கூட இல்லாமல், வெளிறிய எழுத்தில் 'நீக்கு' என்று ஒரு சொல்.

வெள்ளிக்கிழமைச் செண்பகவல்லியாக இருந்தால் பச்சையைத்தான் தட்டியிருப்பாள். திங்கட்கிழமைக்காரி இரண்டையும் வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். பிறகு வெளிறிய எழுத்தை அழுத்தினாள்.

"ஒரு சரியில் உள்ளே வந்தேன்" என்றது உதவிக்கரம். "இந்த அம்மா வாசிப்பாள் என்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன்." தோளில் இருந்த கை எடுபட்டது.

"சுபவேளையும் போட்டும்" என்று செண்பகவல்லி அதையும் தேடிப்பிடித்து நீக்கினாள். "மணி அடிச்சது நல்லதுக்குத்தான். ஆனா கூட்டாளி சரியில்ல. நமக்குச் சுவத்துல காலண்டர் தொங்குதுல்லா." சுபவேளை அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒழுங்காக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனது.

இப்போது உலாவிக்கு விடுதலை. இரண்டு தட்டு விழுந்தது. உலாவி துள்ளி எழுந்தது. எழுந்த இடத்திலேயே நின்றது.

எங்கே போவது? முகப்பில் முகவரி இல்லை. துடைத்துப்போட்டது துடைத்துப்போட்டதுதான். திரையில் வெறும் வெள்ளை விரிந்தது. பொடி இல்லை, கிருமி இல்லை, கப்பலும் இல்லை.

செண்பகவல்லி அந்த வெள்ளையைப் பார்த்தாள். செய்தியில் கண்ட சுழியும் அந்த நிறம்தான். "முழ நீளம் இருக்கும், எனக்கு எங்க ஞாபகம் இருக்கு" என்று அழுதாள். சண்முகையா அவள் தோளைத் தட்டினார்.

அழுகைக்கு நடுவிலும் கண், பழகின புதுப் பழக்கத்தை விடவில்லை. ஓரத்தில் மூன்று புள்ளிகள். அழுத்தினாள். ஒரு பட்டியல் இறங்கியது. புதிய தாவல், பதிவிறக்கங்கள், அச்சிடு என்று மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தாள்.

"வரலாறுன்னு ஒண்ணு இருக்கே. ராஜாக்கமாரு கதையா?"

"தொறந்துதான் பாரேன்."

உலாவியின் முதுகுக்குப் பின்னால் இருந்த கணக்குப்பிள்ளை எழுந்து நின்றது. இத்தனை மாதத்தில் அது எழுந்து உலாவி பார்த்ததில்லை.

"கேட்டுவிட்டார்கள்" என்றது வரலாறு. தன் ஏட்டைத் திரைமேல் விரித்தது.

மேலே இரண்டு மூன்று நாளாகப் பொடியும் பரிசும். அதற்குக் கீழே எல்லாம் ஒரே வரி. முழ நீள முகவரி, அதற்கு முன்னால் தேதியும் நேரமும். வெள்ளி ஆறு பத்து. வியாழன் ஆறு பத்து. புதன் ஆறு பதினொன்று. கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம், பொங்கல், மழைக்காலம், அவள் காய்ச்சலில் கிடந்த வாரம், எல்லாவற்றிலும் அதே வரி. அவன் கப்பலேறிய நாள்வரை ஒரு நாள் விட்டுப்போகவில்லை.

தான் உலகம் சுற்றியதாகத்தான் உலாவி இதுவரை நினைத்திருந்தது. இருநூற்றுச் சொச்சம் நாளும் ஒரே இடத்துக்குத்தான் போய்வந்திருக்கிறது. கடலையும் வானத்தையும் பார்த்து மலைத்தோமே, இதையல்லவா பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

செண்பகவல்லி இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று விரல் நின்றது.

"என்னங்க. இங்க ரெண்டு ரெண்டா இருக்கு. காலைல ஆறு பத்து நான். இது மத்தியானம் ரெண்டு நாப்பது. வியாழன் ரெண்டு நாப்பது, புதன் ரெண்டு நாப்பது... தெனமும் இருக்கு. நான் அந்நேரம் படுத்துல்லா கெடப்பேன்?"

சண்முகையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"வியாழக்கெழமை ஒண்ணரைக்கு மேல ராகுகாலம்லா" என்றாள் அவள். "ராகுகாலத்துலயா பாத்தீய?"

"எனக்கு நீ ஒறங்குத நேரந்தான் நேரம்" என்றார் அவர். "கேலி பேசிட்டு ஒம் முன்னால எப்பிடி வந்து உக்காருவேன்?"

செண்பகவல்லி அவரைத் திரும்பிப் பார்த்தாள். சுட்டெலியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீங்க அமுக்குங்க" என்றாள்.

சண்முகையா அந்த முழ நீள வரியை அழுத்தினார்.

உலாவி ஓடியது. தெருக்கம்பம், ஊர், கடலடி, அக்கரை. வானத்தில் செயற்கைக்கோள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கீழே கருமேகம் கடலை மூடிக் கிடந்தது. அந்த மூட்டத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. சாகரதாரா, சாகரதாரா, இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன். உலாவி அதை வாங்கிக்கொண்டு ஒரு நொடியும் நிற்காமல் திரும்பியது.

மஞ்சள் அம்பு வந்தது. வெள்ளிக்கிழமை வரை ஆப்பிரிக்காவைப் பார்த்திருந்த அதன் மூக்கு இன்றைக்குக் கீழ்நோக்கி இருந்தது. கடைசிக் குரல் நான்கு நிமிடத்துக்கு முன்பு என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

"தெக்க திருப்பிட்டான் கேப்டன்" என்றார் சண்முகையா. துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல்களோடு கிடந்தவருக்குப் பார்த்ததும் புரிந்தது. "புயலுக்கு ஒதுங்கிப் போறான். நல்ல ஆளு."

"ஓடுதா?"

"ஓடுது. மணிக்கு ஒம்பது மைல்."

"நல்லாத் தெரியுமா?"

"இன்னா, நீயே வாசி."

அவள் வாசித்தாள். ஒன்பது. விரலால் அம்பைத் தடவினாள். பக்கத்திலேயே இன்னொரு விரல், கிரேன் ஓட்டிக் காய்த்துப்போன விரல், கூச்சத்தோடு வந்து அதே அம்பைத் தொட்டது. சுவரில் மணி எட்டு ஐம்பது. ராகுகாலம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வரலாறு நாளுக்கு ஒரு வரிதான் எழுதியது, ஆறு பத்துக்கு. திரைமுன் இரண்டு நாற்காலிகள் கிடந்தன.